முறுக்கு

பாபநாசத்தில் முழுக்குப் போட்டால் பாவம் போகும் என்பார்கள். அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. பசி எடுக்கும். அதற்கு நான் காரண்டி.

நான் சொல்வது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் இல்லை. திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணி மலையை விட்டு இறங்கித் தரையில் கால் வைக்கிற பாபநாசம். 2015-ல் கமல் படம் வந்ததிலிருந்து இந்த விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆனால் வேறு தொல்லை. "பாபநாசம் போறேன், ரெண்டு நாள் லீவு வேணும்" என்றால் மேனேஜர் ஒரு மாதிரி பார்க்கிறார். "எதையும் புதைக்கப் போகலை சார், அப்பாவுக்கு தர்ப்பணம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு வருஷா வருஷம் போவேன். சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு மலை ஏறுகிற கூட்டம், தர்ப்பணக் கூட்டம், சும்மா வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போய்ச் சேர்ந்தேன். கோயில் படித்துறையில் கை நீளத்துக்கு மீன்கள். பொரி போட்டால், கேண்டீனில் சூடாக வடை வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அக்கவுண்ட்ஸ் செக்ஷன் மாதிரி பாய்ந்து வருகின்றன. அவற்றோடு போட்டி போட்டு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா விக்கிரமசிங்கபுரம் மில்லில் முப்பத்தைந்து வருஷம் நூல் நூற்று ரிடையர் ஆனவர். பி.பி. இருக்கிறது. சர்க்கரை இருக்கிறது. இரண்டையும் விட அதிகமாகப் பேச்சு இருக்கிறது.

"ஏய்யா, ஃப்ரிட்ஜுல தயிர் இருக்கு, எடுத்துட்டு வா" என்றார் அத்தை.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தோசை மாவு, தயிர், வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ. மேல் தட்டில் மாமா வாரம் ஒருமுறை வயிற்றில் குத்திக்கொள்கிற சர்க்கரை ஊசி, பேனா மாதிரி அட்டைப் பெட்டிக்குள். அதற்குப் பின்னால் சின்னச் சின்னதாக மூன்று கண்ணாடி பாட்டில்கள். ரப்பர் மூடி. அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. லேபிளில் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தேன். 'ஆராய்ச்சி உபயோகத்துக்கு மட்டும். மனிதர்களுக்கு அல்ல.'

"அத்தை, இது என்ன?"

"அதுவா, தம்பி வாங்கி வச்சிருக்கான். தோள்பட்டை வலிக்காம். ஏதோ பெப்பர்மிண்டுன்னு சொன்னான்."

தம்பி என்றால் மாமா மகன். வயசு 27. சென்னையில் சாஃப்ட்வேர் ஆபீஸ். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை. மீதி நேரம் ஜிம். சட்டைக் கை அவன் புஜத்தைப் பார்த்து அலறும். மூன்று மாசமாக வலது தோளில் வலி, பாரம் தூக்க முடியவில்லை. ஜிம்மில் யாரோ சொல்லி, செல்போனில் ஆர்டர் செய்து, சரக்கு கூரியரில் பாபநாசத்துக்கே வந்துவிட்டது. அகத்தியர் மூலிகை தேடி அலைந்ததாகச் சொல்லும் மலையடிவாரத்துக்குக் கூரியரில் மருந்து!

"பெப்பர்மிண்ட் இல்ல அத்தான், பெப்டைட். பேரு பி.பி.சி. 157."

"லண்டன் நியூஸா?"

அவன் சிரிக்கவில்லை. "இன்னிக்கு ராத்திரி முதல் ஊசி போடப் போறேன். நீங்க கெமிஸ்ட்ரிதானே படிச்சீங்க? எவ்வளவு தண்ணி கலக்கணும்னு ஒரு கணக்கு மட்டும் போட்டுச் சொல்லுங்க."

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு பதினெட்டு வருஷமாக டி.ஏ. பில் சரிபார்க்கிறேன். சொந்தக்காரன் ஒருத்தன் முதல் தடவையாக என்னிடம் கெமிஸ்ட்ரி கேட்கிறான். அதுவும் இந்தக் கெமிஸ்ட்ரி.

"போடாதே" என்றேன்.

"ஏன்? அப்பா வாரா வாரம் போடறதும் பெப்டைட். நான் போடப் போறதும் பெப்டைட். ரெண்டும் ஒரே ஃப்ரிட்ஜ்ல ஒரே தட்டுல இருக்கு. அது மருந்து, இது மட்டும் கூடாதா? எப்படின்னு சொல்லுங்க. ஒத்துக்கறேன்."

நியாயமான கேள்வி. 'பெரியவங்க சொன்னா கேளு' என்று மடக்கலாம். 27 வயசில் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்டதில்லை. ராத்திரி வரை டைம் இருந்தது. திண்ணைக்குப் போனோம். மாமா அங்கே சர்க்கரை இல்லாத காபியைத் திட்டிக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தார். அத்தை முறுக்கு டின்னைக் கொண்டுவந்து, மாமாவுக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்.

●

"அது என்னடே பெப்டைட்?" என்றார் மாமா. "வாரா வாரம் குத்துதேன். என்ன எழவுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் சொல்லல."

பாசிமணி கோத்த மாலை மாமா, என்று ஆரம்பித்தேன். மணிக்குப் பெயர் அமினோ அமிலம். நம் உடம்பு உபயோகிப்பது 20 ரக மணி. நீளமாகக் கோத்தால் புரோட்டீன். குட்டையாக, சுமார் ஐம்பது மணிக்குள் இருந்தால் பெப்டைட். எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்ற வரிசைதான் எல்லாம். ஒன்பதே ஒன்பது மணி கோத்தால் ஆக்ஸிடோசின். பிரசவத்தில் கர்ப்பப்பை சுருங்குவதற்கு உடம்பே தயாரிப்பது. அதைத்தான் சில பால்காரர்கள் மாட்டுக்குத் திருட்டுத்தனமாக ஊசி போட்டுப் பால் கறக்கிறார்கள். 1953-ல் அமெரிக்காவில் வின்சென்ட் டு விக்னோ என்பவர் அதை லேபரட்டரியிலேயே கோத்துக் காட்டினார். 1955-ல் நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

"ஒம்பது மணி கோத்ததுக்கா? இவ அத்தை ஒரு நாளைக்கு ஒம்பது முழம் பூ கட்டுவா."

கோப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஒட்டக்கூடிய இடம் ஒன்றுக்கு மேல் இருக்கும். தப்பான இடத்தில் ஒட்டாமல் இருக்க மூடி போட வேண்டும், பிறகு மூடியைக் கழற்ற வேண்டும், கழுவ வேண்டும், அடுத்த மணி. 1963-ல் புரூஸ் மெரிஃபீல்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் மணியை ஒரு பிளாஸ்டிக் குண்டின் மேல் ஒட்டிவிடு. பிறகு எத்தனை தடவை கழுவினாலும் மாலை ஓடிப்போகாது. கொடிக்கம்பியில் கிளிப் போட்ட சட்டை மாதிரி. அவருக்கும் நோபல் பரிசு, 1984-ல். இப்போது மெஷினே கோத்துவிடுகிறது. இந்தச் சுலபம்தான் தம்பியின் பாட்டில் வரைக்கும் வந்திருக்கிறது.

"சரி, கோத்தாச்சு. அப்புறம் என்ன பிரச்னை?" என்றான் தம்பி.

"முறுக்கு" என்றேன்.

இரண்டு பேரும் டின்னைப் பார்த்தார்கள்.

●

அந்த முறுக்கு இல்லை. நூல் முறுக்கு. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவர் சப்ஜெக்ட்.

"எல்லாம் ஒரே பஞ்சுதான்டே. முறுக்கு கொறஞ்சா இழுத்த ஒடனே பிச்சுக்கிட்டு வரும். கூடினா தன்னால சுருட்டிக்கிடும். வேட்டிக்கு ஒரு முறுக்கு, தையல் நூலுக்கு ஒரு முறுக்கு. அங்குலத்துக்கு எத்தனைன்னு கணக்கு இருக்கு."

அதே கணக்குதான். ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பக்கமும் கதவுக் கீல் மாதிரி ஒரு திருகு இருக்கிறது. எவ்வளவு திருகுகிறோம் என்பதைப் பொறுத்து மாலை ஸ்பிரிங்காகச் சுருளும், பட்டையாகப் படியும், முடிச்சாக மடியும். வடிவம் சரியாக இருந்தால்தான் உடம்பில் அதற்கென்று இருக்கிற பூட்டில் சாவி மாதிரி நுழையும். எந்தத் திருகு சாத்தியம், எந்தத் திருகில் அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும் என்று உலகத்துக்கே வரைபடம் போட்டுக் கொடுத்தவர் நம்ம ஆள் ஒருவர். ஜி.என்.ராமச்சந்திரன். 'ஜி' என்றால் கோபாலசமுத்திரம்.

"நம்ம கோபாலசமுத்திரமா? பத்தமடைக்கு அங்கிட்டு?" மாமா எழுந்தே விட்டார். "நம்ம ஆத்துத் தண்ணி குடிச்சவங்களுக்கு மூளைடே!"

அவர் 1922-ல் பிறந்தது எர்ணாகுளத்தில் என்று சொல்லிப் பார்த்தேன். "பொறந்தது எங்கயும் இருக்கட்டும். பேரு நம்ம பேரு" என்று கேஸை முடித்துவிட்டார்.

ராமச்சந்திரன் பெங்களூருக்கு எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங் படிக்கப் போய், சர் சி.வி.ராமனிடம் சிக்கி, ஃபிஸிக்ஸுக்கு மாறியவர். 1952-ல் மெட்ராஸ் யூனிவர்சிட்டியில் ஃபிஸிக்ஸ் புரொஃபசர். வயசு சுமார் 30. நம்மில் பல பேர் அந்த வயசில் புரொபேஷன் முடிந்ததா என்று ஆர்டருக்காகக் காத்திருக்கிறோம். 1954-ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரோட்டீனின் வடிவத்தைச் சொன்னார்கள். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். கங்காரு வாலிலிருந்து எடுத்த தசைநாரைக்கூட எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று இழை, ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது.

"முப்புரிக் கயிறு" என்றார் மாமா உடனே. யூனிவர்சிட்டி போகாமலே.

"அந்தக் கயிறுதான்டா உன் தோள்ல இப்போ நைஞ்சு போயிருக்கு" என்றேன் தம்பியிடம். அவன் தோளை ஒருதரம் தடவிக்கொண்டான்.

அதன் பிறகு 1963-ல் ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூன்று பேரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெரிஃபீல்ட் பிளாஸ்டிக் குண்டு கண்டுபிடித்த அதே வருஷம். இன்றைய கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. மேஜைமேல் வைத்துக் கணக்குப் போடும் மெஷினோடு மல்லுக்கட்டி, இரண்டு திருகுக் கோணங்களையும் ஒரு சதுரத்தில் வரைந்து, இந்த இடத்தில் இருக்கலாம், இந்த இடத்தில் இருக்கவே முடியாது என்று கோடு போட்டார்கள். சதுரத்தில் பெரும்பகுதி தடை செய்யப்பட்ட ஏரியா. இருக்க முடிந்த இடம் சில தீவுகள். ராமச்சந்திரன் பிளாட் என்று பெயர். மாம்பலத்தில் வாங்குகிற பிளாட் இல்லை. இன்றைக்கும் உலகத்தில் எங்கே ஒரு புரோட்டீனின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், சரிதானா என்று இதில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே சொல்கிறார்கள். அவர் 2001-ல் காலமானார். நோபல் பரிசு கொடுக்கவில்லை.

"ஒம்பது மணி கோத்தவனுக்குக் கொடுத்தானுவ. இவருக்கு இல்லையா?" என்றார் மாமா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

●

"மாமா, காலையில் பி.பி.க்கு என்ன மாத்திரை?"

"எனலாப்ரில். வருஷக்கணக்கா அதான்."

"அது பாம்பு விஷத்திலிருந்து வந்த யோசனை."

காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

பிரேசில் நாட்டில் ஜராரகா என்று ஒரு விரியன் இருக்கிறது. கடித்தால் ரத்த அழுத்தம் சர்ரென்று கீழே இறங்கும். 1960-களில் செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற டாக்டர் அந்த விஷத்திலிருந்த சின்னச் சின்ன பெப்டைட்களைக் கவனித்தார். ஸ்குவிப் கம்பெனியில் ஒன்டெட்டி, குஷ்மன் என்ற இருவர் அதில் ஒரு ஒன்பது மணி மாலையை எடுத்தார்கள். ஊசியாகப் போட்டால் பி.பி. நன்றாக இறங்கியது. ஆனால் வாயில் விழுங்கினால் பூஜ்யம். ஏனென்றால் நம் வயிறு ஆபீஸில் இருக்கிற பேப்பர் கிழிக்கிற மெஷின் மாதிரி. பிரியாணியில் இருக்கிற கோழியானாலும் சரி, கோடி ரூபாய் பெப்டைட் ஆனாலும் சரி, மணி மணியாகப் பிரித்துப் போட்டுவிடும்.

பி.பி.காரன் தினம் மூன்று வேளை ஊசி போட்டுக்கொள்வானா? அவர்கள் மாலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன் வாலை மட்டும் பார்த்தார்கள். கடைசி மணி புரோலின். அந்த ஒரு மணியை வைத்துக்கொண்டு, அதன் முன்னால் எதையெதையோ ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டுவது, டெஸ்ட், தோல்வி, மறுபடி ஒட்டுவது. கடைசியில் ஒரு கந்தகத்தை ஒட்டியதும் பூட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதுதான் கேப்டோப்ரில். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தக் கந்தகத்தால் சில பேருக்கு நாக்கில் ருசி போனது, தோலில் தடிப்பு வந்தது. வேறொரு கம்பெனி அதை எடுத்துவிட்டு, அலனின், புரோலின் இரண்டு மணியையும் வைத்து மாமாவின் எனலாப்ரிலைச் செய்தது. அதுவும் சும்மா விடவில்லை. சில பேருக்கு வறட்டு இருமல் வரும்.

மாமா சரியாக அந்த நேரம் பார்த்து லொக் லொக் என்று இருமினார்.

"இதை டாக்டர்ட்ட சொல்லணுமா?"

"கட்டாயம் சொல்லணும். நீங்களா மாத்திரையை நிறுத்தக் கூடாது."

●

இப்போது ஃப்ரிட்ஜில் இருக்கிற பேனாவுக்கு வருவோம். மாமா போடுவது செமாக்ளூடைட்.

சாப்பிட்டதும் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்று ஒரு பெப்டைட் விடுகிறது. 'சாப்பாடு வந்தாச்சு, இன்சுலின் அனுப்பு' என்று கணையத்துக்குத் தந்தி. 'போதும், நிறுத்து' என்று மூளைக்கு ஒரு தந்தி. 1980-களிலேயே இது தெரிந்துவிட்டது. அப்போதே மருந்தாக்கியிருக்கலாமே? முடியவில்லை. அதற்கு ஆயுசு சுமார் இரண்டு நிமிஷம். ரத்தத்தில் ஒரு கத்தரிக்கோல் என்ஸைம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது மணிக்கு அடுத்து 'டக்' என்று நறுக்கிவிடும். கட்சி மாறிய எம்.எல்.ஏ. மாதிரி, தந்தி செல்லாது.

அந்த இரண்டாவது மணி அலனின். அதில் ஒரு இடத்தில் ஒரு ஹைட்ரஜன் அணு ஒட்டிக்கொண்டிருக்கும். டென்மார்க்கில் நோவோ நார்டிஸ்க் கம்பெனிக்காரர்கள் அதை எடுத்துவிட்டு, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட குட்டி முண்டு ஒன்றை வைத்தார்கள். அவ்வளவுதான். கத்தரிக்கோல் நுழைய இடமில்லை. முண்டு வைத்த அந்த மணிக்கு அமினோ ஐசோபியூட்ரிக் அமிலம் என்று பெயர். சுருக்கமாக ஏ.ஐ.பி. நம் உடம்பின் 20 மணியில் இது கிடையாது. சில பூஞ்சைகள் செய்யும். 1969-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த ஒரு விண்கல்லில்கூட இருந்தது.

இந்த மணியை ராமச்சந்திரன் பிளாட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் முண்டு இருப்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டும். இருக்க முடிந்த இடம் கொஞ்சூண்டு. மாலை நடுவே இதை வைத்தால் ஸ்பிரிங் மாதிரி விறைப்பாகச் சுருண்டு நிற்கும். பெங்களூர் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயன்ஸில் ராமச்சந்திரன் ஆரம்பித்த அதே டிபார்ட்மென்டில், பி.பலராம் என்ற விஞ்ஞானி 1970-களின் கடைசியிலிருந்து பல வருஷம் இந்த மணியை வைத்து விதவிதமாகப் பெப்டைட் கட்டி, எது எப்படி மடிகிறது என்று பார்த்திருக்கிறார்.

டென்மார்க்காரர்கள் அதோடு நிறுத்தவில்லை. 31 மணி மாலையில் இன்னொரு மணியை மாற்றினார்கள். வேறொரு மணியில் நீளமாக ஒரு கொழுப்பு வாலை ஒட்டினார்கள். அந்த வால் ரத்தத்தில் ஓடுகிற ஆல்புமின் புரோட்டீனைப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. கிட்னி வெளியே தள்ள முடியாது. இரண்டு நிமிஷ ஆயுசு ஒரு வாரமாகிவிட்டது. பிறகு எலி, குரங்கு, ஆரோக்கியமான மனிதர், நோயாளி, ஆயிரக்கணக்கான நோயாளிகள். யாருக்கு வாந்தி வருகிறது, யாருக்குக் கண் பாதிக்கிறது, எவ்வளவு டோஸில் ஆரம்பிக்க வேண்டும் என்று எல்லாம் பார்த்து எழுதி, 2017 டிசம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. குடலின் தந்தியைப் படித்ததிலிருந்து சுமார் முப்பது வருஷம்.

"ஒரு முண்டு வைக்க முப்பது வருசமா?" என்றார் மாமா.

"எந்த முண்டுன்னு தெரிய முப்பது வருஷம் மாமா."

●

"சரி அத்தான். இப்ப என் பாட்டில்."

பி.பி.சி. 157. அதில் 15 மணி. மனித வயிற்றுச் சாற்றில் இருக்கிற ஒரு புரோட்டீனின் துண்டு என்று சொல்லப்படுகிறது. குரோஷியாவில் ஸாக்ரெப் நகரத்தில் ஒரு குழு வருஷக்கணக்காக ஆராய்ந்து, எலிகளுக்குத் தசைநார் சீக்கிரம் கூடுகிறது, குடல் புண் ஆறுகிறது என்று நிறையக் கட்டுரைகள் எழுதியிருக்கிறது. நான் அதைப் பொய் என்று சொல்லவில்லை. எலிக்கு நல்லதாகவே இருக்கலாம்.

"நான் எலியாவே இருந்துட்டுப் போறேன்" என்றான்.

அதில்தான் இரண்டு சிக்கல். ஒன்று, அந்தப் பதினைந்து மணி மாலையை மனிதர்களிடம் பெரிய அளவில், ஒழுங்காக, ஒப்பிட்டுச் சோதித்துப் பார்க்கவில்லை. எஃப்.டி.ஏ. அதை மருந்தாக அங்கீகரித்ததில்லை. விளையாட்டு வீரர்கள் தொடக்கூடாது என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு ஏஜென்ஸி 2022-லேயே தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. தசைநாரை வளரச் செய்யும், புது ரத்தக் குழாய் முளைக்கச் செய்யும் என்கிறார்கள். அது உன் தோளில் மட்டும் முளைக்கும், வேறு எங்கேயும் போய் எதையும் வளர்க்காது என்று எழுதிக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா?

இரண்டாவது, உன் பாட்டிலில் இருப்பது அந்தப் பதினைந்து மணிதானா? மெஷின் கோக்கும்போது பதினான்கோடு நின்ற மாலை இருக்கும். ஒரு மணி விட்டுப்போன மாலை இருக்கும். இடது கை, வலது கை மாதிரி மணியிலும் இரண்டு கை உண்டு. சமையலில் சூடு ஏறினால் கை மாறிவிடும். கழுவாமல் விட்ட ரசாயனம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமியின் தோல் இருக்கும், ஜுரத்தில் தூக்கிப் போடும். எல்லாமே பார்வைக்கு ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடிதான். மருந்துக் கம்பெனியில் இதையெல்லாம் பிரித்து, அளந்து, தள்ளுபடி செய்வதுதான் பாதி வேலை. வாயில் போட்டாலாவது வயிறு கொஞ்சம் கிழித்துப் போடும். நீ வாட்ச்மேனைத் தாண்டி நேராக உள்ளே அனுப்பப் போகிறாய்.

சொல்லி முடித்தேன். இருட்டிவிட்டது. ஆற்றுச் சத்தம் திண்ணை வரை கேட்டது.

"சரி அத்தான்" என்றான் தம்பி. ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு இந்த 'சரி' தெரியும். மேனேஜரிடம் 'நோட் பண்ணிக்கிட்டேன் சார்' என்கிறோமே, அது. எழுந்து உள்ளே போனான். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ஒரு மணி நேர லெக்சர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வைவாவில் ஃபெயிலான அதே உணர்ச்சி.

பாட்டிலோடு வெளியே வந்தான். மற்ற கையில் சிரிஞ்ச்.

"ஏலே, அதை இங்கன கொண்டா" என்றார் மாமா.

கொடுத்தான். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க மில்லுல ஒரு கோன் நூலு வெளிய போகணும்னா லாட் நம்பர் வேணும். டெஸ்டிங்குல நூலை இழுத்து இழுத்து அத்துப் பாப்பான். எவ்வளவு பாரத்துல அத்துச்சுன்னு நோட்டுல எழுதி, எழுதினவன் கையெழுத்துப் போடணும். நாளைக்கு நூலு அந்துச்சுன்னா அவன் சட்டையைத்தான் பிடிப்பாவ. இடுப்புல கட்டுத வேட்டிக்கே அப்படிடே. இதுல யாரு கையெழுத்துப் போட்டிருக்கா? அந்தப் பேனா டப்பால கம்பெனி பேரு, ஊரு, நம்பரு எல்லாம் இருக்கு. இதுல ஒரு ஊரு பேருகூட இல்லையே?"

தம்பி வாங்கிப் பார்த்தான். லைட்டுக்குக் கீழே போய்ப் பார்த்தான். கம்பெனி பெயர் இல்லை. விலாசம் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு நம்பரும் அந்த ஒரு வாக்கியமும்தான்.

"'மனிதர்களுக்கு அல்ல'ன்னு போட்டிருக்கு" என்றான் மெதுவாக.

"ஒரு உண்மையாவது எழுதியிருக்கானே" என்றார் மாமா.

சிரிஞ்ச் அன்றைக்குப் பிரிக்கப்படவில்லை.

●

மறுநாள் காலை திருநெல்வேலி பஸ்ஸில் என் பக்கத்தில் தம்பியும் ஏறினான். எலும்பு டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறானாம். பாட்டிலை ஆற்றில் எறியப் பார்த்தான். நான்தான் தடுத்தேன். ஏற்கெனவே அந்த மீன்களின் புஜம் தம்பியை விடப் பெரிசு.

பத்தமடை தாண்டும்போது அவன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே கேட்டான். "அத்தான், அந்த ராமச்சந்திரன் மாதிரி ஆளுங்க கணக்கு போட்டு முடிக்க எவ்வளவு நாள் ஆகியிருக்கும்?"

"ஏன்?"

"இல்ல... எனக்கு மூணு மாசம்கூடப் பொறுக்கலை."

போன வாரம் போன் செய்தான். தோளில் தசைநார் லேசாகக் கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் பிசியோதெரபி, பாரம் தூக்கக் கூடாது. முப்புரிக் கயிறு மெதுவாகத்தான் கூடுமாம். ஜிம்மில் பாட்டிலைச் சொன்னவனிடம் 'யாரு கையெழுத்துப் போட்டிருக்கா?' என்று கேட்டிருக்கிறான். அவன் இவனைப் பைத்தியம் மாதிரி பார்த்தானாம்.

பின்னால் அத்தையின் குரல் கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடா சத்தம்?"

"அப்பா முறுக்கு டின்னைத் திறந்துட்டாரு அத்தான். சுகர் இருக்கும்போது ஏன் இப்படின்னு அம்மா கேக்காங்க. டெஸ்டிங் டிபார்ட்மெண்டாம். முறுக்கு சரியா இருக்கான்னு ஒண்ணு ஒடைச்சுப் பாத்துட்டு, கையெழுத்துப் போட்டுத் தாரேங்காரு."